கப்பல் கூலியும் ஆள் கூலியும்

‘கூலி’ என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். தூத்துக்குடியில் இந்தச் சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. ஒரு சரக்கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக ஆகிற செலவு கூலி. வண்டிக்கூலி, லாரிக்கூலி, கப்பல் கூலி என்று அதைச் சொல்வோம். அந்தச் சரக்கைத் தூக்குகிற ஆளுக்குக் கொடுக்கிற காசும் கூலி. அந்தக் காசை வாங்குகிற ஆளும் கூலி. வெள்ளைக்காரன் இந்த மூன்றாவது பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு உலகம் முழுக்கப் போனான். அவன் சொன்ன சொல் நம்முடைய ‘கூலி’யிலிருந்து போனது என்று சிலர் சொல்கிறார்கள். குஜராத்துப் பக்கத்துக் கோலி என்ற சாதிப் பெயரிலிருந்து போனது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். ஒன்று கூலி, இன்னொன்று சாதி. எப்படிப் பார்த்தாலும் சுற்றிச் சுற்றி நம்மிடம்தான் வந்து நிற்கிறது.

தூரத்துத் தீவுகளில் வாழ்கிற மக்களுக்குச் சரக்குக் கொண்டுபோக ஆகிற செலவு ஏன் இவ்வளவு அதிகம், அந்தச் செலவை யார் சுமக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. வணிகம் படித்தவர்களிடம் கேட்டால் தீவுக்காரர்கள் சுமக்கிறார்கள் என்று பதில் வரும். அது பொய் இல்லை. ஆனால் பாதிப் பதில். மீதிப் பாதி எங்கள் தாத்தாவின் தோளில் இருந்தது.

தாத்தா பழைய துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். நான் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தபோது, ‘ஏதாவது கேளு, ஒனக்குப் பரிச்சைக்கு ஒதவும்’ என்று அவரே வந்து பக்கத்தில் உட்காருவார். ஒரு நாள் கேட்டேன்.

“தாத்தா, மாலித் தீவுல வெங்காயம் ஏன் அவ்வளவு வெல?”

“கப்பக்கூலி ஏறிட்டுல்லா.”

“ஒங்க கூலி ஏறுச்சா?”

சிரித்தார். “எங் கூலிய ஏத்துனா வெங்காயத்துக்கு வெல ஏறிரும்னு மொதலாளி சொல்லுவாரு. ஆனா வெங்காயத்துக்கு வெல ஏறும்போது எங் கூலி மட்டும் ஏறாதுடே. அது என்ன கணக்குன்னு நீதான் படிச்சுட்டு வந்து சொல்லணும்.”

படித்துவிட்டேன். அந்தக் கணக்கு எந்தப் பாடத்திலும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தோணியில் ஏறும் கணக்கு

தூத்துக்குடித் தோணி மரத்தால் கட்டிய பெரிய கலம். முந்நூறு டன் வரை ஏற்றுகிற தோணிகள் உண்டு. ஒரு காலத்தில் பாயை மட்டும் நம்பி ஓடியது. பிறகு எஞ்சின் வைத்தார்கள். இங்கிருந்து கொழும்பு சுமார் 150 கடல் மைல். மாலத்தீவின் தலைநகரான மாலி சுமார் 400 கடல் மைல். லட்சத்தீவுக்கும் தோணி போகும். தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்போம். வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய், காய்கறி, செங்கல், சிமெண்ட், ஜல்லி, மணல் என்று தோணி ஏற்றாத சரக்கு கிடையாது. மாலியிலிருந்து வந்த மாசிக்கருவாடு எங்கள் தெருவில் சம்பலுக்கு வரும். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு இருக்கிறது என்று எனக்கு முதலில் தெரியவந்தது அந்த வாசனையால்தான்.

மாலத்தீவில் 1,192 தீவுகள் உண்டு. அவற்றில் 200க்கும் குறைவான தீவுகளில்தான் மக்கள் வாழும் ஊர்கள் இருக்கின்றன. பவளப்பாறை பொடிந்து உண்டான மண். நெல் விளையாது. வீடு கட்டக் கல் கிடையாது. அரிசி, மாவு, சீனி, வெங்காயம், ஜல்லி எல்லாம் கடல் தாண்டித்தான் வர வேண்டும். 1981ஆம் ஆண்டு இந்தியாவும் மாலத்தீவும் செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்தின்படி, இங்கே ஏற்றுமதிக்குத் தடை இருக்கும்போதுகூட இன்னின்ன பொருள் இவ்வளவு என்று அவர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. 2024-25ஆம் ஆண்டுக்கு ஆற்று மணல் 10 லட்சம் டன், ஜல்லி 10 லட்சம் டன் என்று ஒதுக்கினார்கள்.

இந்தச் சரக்குக்குக் கூலி ஏறுவதற்கு நாலைந்து காரணங்கள் உண்டு. முதலாவது, போகும்போது நிறைந்து போகிற கலம் திரும்பும்போது பெரும்பாலும் காலியாக வரும். தீவிலிருந்து ஏற்ற மீனையும் பழைய இரும்பையும் விட்டால் பெரிதாக ஒன்றும் கிடையாது. வெறுங்கலம் திரும்புகிற செலவையும் போன சரக்கின் தலையில்தான் வைப்பார்கள். இரண்டாவது, தென்மேற்குப் பருவக்காற்று. மே மாத நடுவிலிருந்து சில மாதங்களுக்கு அந்தக் கடலில் தோணி ஓட முடியாது. ஓடாத மாதங்களின் வட்டியையும் பராமரிப்பையும் ஓடுகிற மாதங்கள் சம்பாதித்துத் தர வேண்டும். மூன்றாவது, அளவு. சின்னத் தீவுக்கு ஒரே சமயத்தில் ஆயிரம் டன் அரிசி தேவைப்படாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோனால் டன்னுக்கு ஆகும் செலவு கூடும். நான்காவதுதான் முக்கியம். சரக்கை எத்தனை தடவை ஏற்றி இறக்குகிறோம் என்பது. மாலியோடு பயணம் முடிவதில்லை. அங்கே இறக்கி, வேறு படகில் ஏற்றி, பிற தீவுகளில் மறுபடி இறக்க வேண்டும். தலைநகரில் இருக்கிறவன் ஒரு கூலி கொடுத்தால், கடைசித் தீவில் இருக்கிறவன் இரண்டு கூலி கொடுக்கிறான்.

2020ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதி இந்தியக் கப்பல் கழகம் தூத்துக்குடியிலிருந்து கொச்சி வழியாக, வடக்கே குல்குதுபுஷித் தீவையும் தொட்டு, மாலிக்குச் சரக்குக் கப்பல் விட்டது. 200 கண்டெய்னரும், அதுபோக 3,000 டன் மொத்தச் சரக்கும் ஏற்றுகிற கப்பல். செலவையும் நேரத்தையும் குறைப்பதே நோக்கம் என்று சொன்னார்கள். நல்ல காரியம்தான். ஆனால் செலவு குறையும் என்றால் எந்தச் செலவு, யாருடைய செலவு என்று கேட்கிற பழக்கம் நமக்கு வர வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முந்நூறு டன் வெங்காயம் என்றால், ஐம்பது கிலோ மூட்டையாக ஆறாயிரம் மூட்டை. முப்பது பேர் கொண்ட ஒரு கேங் அதை ஏற்றினால் ஆளுக்கு இருநூறு மூட்டை. அதாவது ஒவ்வொரு ஆளின் தோளும் பத்து டன்னைத் தாங்கியிருக்கிறது. லாரியிலிருந்து கிட்டங்கிக்கு ஒரு தடவை, கிட்டங்கியிலிருந்து கரைக்கு ஒரு தடவை, பலகை வழியாகத் தோணிக்கு ஒரு தடவை. தோணியின் பள்ளத்தில் அடுக்குகிறவன் வேறு. அங்கே போய் இறக்குகிறவன் வேறு. ஆறு ஏழு கை மாறித்தான் அந்த வெங்காயம் ஒரு தீவுக்காரியின் சட்டியில் விழுகிறது. அவள் கொடுக்கிற காசில் இந்த ஆறு ஏழு கைகளுக்கு வந்து சேர்வது எவ்வளவு? தாத்தா கேட்ட கணக்கு இதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1974ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் தேதி தூத்துக்குடிப் புதிய துறைமுகம் இந்தியாவின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்படும்வரை, பெரிய கப்பல் எதுவும் கரைக்கு வந்ததில்லை. கரையோரம் ஆழம் கிடையாது. கப்பல் பல மைல் தள்ளிக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். இங்கிருந்து தோணியில் சரக்கைக் கொண்டுபோய் நடுக்கடலில் ஏற்ற வேண்டும். தூத்துக்குடி பெரிய துறைமுகம், பழைய துறைமுகம் என்று வரலாற்றுப் புத்தகங்கள் பெருமை பேசுகின்றன. ஆழமில்லாத கரையைப் பல நூற்றாண்டுகள் துறைமுகமாக்கி வைத்திருந்தது மனிதத் தோள்களும் படகோட்டிகளின் கைகளும்தான்.

ஆளே சரக்கான கதை

இது வரை சரக்கைப் பற்றிப் பேசினோம். இனி ஆளைப் பற்றிப் பேச வேண்டும். ஏனென்றால் இந்தக் கரையிலிருந்து தீவுக்குப் போன சரக்குகளில் மனிதர்களும் உண்டு.

1658இல் டச்சுக்காரர்கள் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தார்கள். முத்து, சங்கு, துணி வாங்க வந்தவர்கள் என்று நம் பாடப்புத்தகம் சொல்லும். அவர்கள் ஆட்களையும் வாங்கினார்கள். 1673இல் தொடங்கி மதுரைச் சீமையில் மழை பொய்த்தது. தஞ்சாவூருக்காக நடந்த சண்டையும் வரிக்கொடுமையும் சேர்ந்துகொண்டன. 1673க்கும் 1677க்கும் இடையில் மதுரைக் கடற்கரையிலிருந்து மட்டும் டச்சுக் கம்பெனி 1,839 அடிமைகளை ஏற்றுமதி செய்தது என்று அவர்களுடைய ஏடுகளைப் படித்த ஆய்வாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். மதுரைக் கடற்கரை என்பது நம்முடைய இந்தக் கரைதான்.

1,839. எவ்வளவு துல்லியமான எண் பாருங்கள். 1,838 இல்லை, 1,840 இல்லை. சரக்கு என்பதால் எண்ணினார்கள். பெயர் எழுதவில்லை, ஊர் எழுதவில்லை. என்ன சாதி என்பதையும் அந்த எண் சொல்லாது. ஆனால் பஞ்சம் வந்தால் முதலில் பட்டினி கிடப்பவன் யார்? கையில் நிலம் இல்லாதவன். குதிரில் நெல் இல்லாதவன். ஏற்கெனவே இன்னொருவனுக்கு அடிமையாக இருந்தவன். பண்ணையடிமை முறை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது அல்ல. அது நம்முடைய சொந்தச் சரக்கு. டச்சுக்காரன் வந்து ஏற்றுக்கூலி மட்டும்தான் கொடுத்தான்.

தகரத் துண்டும் காகிதத் துண்டும்

அடுத்தது சிலோன். 1830களுக்குப் பிறகு இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகின. 1869இல் காப்பிச் செடியில் துருநோய் கண்டது. காப்பி அழிந்து தேயிலை வந்தது. இரண்டுக்கும் ஆள் போனது தமிழ்நாட்டிலிருந்து. வடக்குப் பாதையில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக நடந்து மாத்தளைக்குப் போனவர்கள் வழியிலேயே காலராவிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் போனது இன்னொரு பாதை. 1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. அதே ஆண்டில் தாது வருஷப் பஞ்சமும் வந்தது. ரயில் வந்ததைப் பற்றி எழுதுகிறவர்கள் பருத்தி ஏற்றுமதியைப் பற்றி எழுதுகிறார்கள். அந்த ரயிலில் கடைசி ஸ்டேஷன்வரை வந்து இறங்கிய எலும்புக்கூடுகளைப் பற்றி எழுதுவதில்லை.

தூத்துக்குடிக்கு முந்திய ஸ்டேஷன்களில் ஒன்று தட்டப்பாறை. இன்றைக்கு அதைப் பெயர்ப்பலகையாகத்தான் பார்க்கிறோம். அங்கே சிலோன் அரசாங்கத்தின் கூலி முகாம் இருந்தது. தோட்டத்துக்குப் போகிற ஆட்களை நிறுத்திவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து, கப்பலுக்கு அனுப்புகிற இடம். பிறகு பாம்பன் பாலம் 1914இல் திறந்து, தனுஷ்கோடி - தலைமன்னார் வழி வந்தபின் மண்டபம் முகாம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

இனிதான் கப்பல் கூலிக் கதை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கெட் முறை வந்தது. எந்த வட்டாரம், எந்தத் தோட்டம் என்று எழுத்தும் எண்ணும் அடித்த ஒரு தகரத் துண்டைக் கழுத்தில் கட்டி அனுப்புவார்கள். சாக்கு மூட்டையின் மேல் மார்க் போடுகிறோமே, அதேதான். படிக்கத் தெரியாதவன் வழியில் தொலைந்துபோகாமல் இருக்க என்று காரணம் சொன்னார்கள். மூட்டைக்கும் அதே காரணம்தான்.

சாதாரண மூட்டைக்கும் இந்த மூட்டைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வெங்காய மூட்டை தன்னுடைய கப்பல் கூலியைத் தானே கொடுக்காது. இந்த மூட்டை கொடுத்தது. ரயில் செலவு, கப்பல் செலவு, வழிச் சாப்பாடு, கங்காணி கொடுத்த முன்பணம் எல்லாம் தோட்டத்தின் கணக்கிலிருந்து கடைசியில் தொழிலாளியின் கடனாக எழுதப்பட்டன. மலையில் கால் வைக்கும்போதே அவள் கடன்காரி. தன்னை ஏற்றி வந்ததற்கான கூலியைத் தன் கூலியிலிருந்து கழித்துக்கொண்டே அவள் கொழுந்து பறித்தாள். இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டும் என்றால் ‘துண்டு’ வேண்டும். ‘இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் ஆளை விடுகிறோம்’ என்று எழுதிய காகிதம். புதுத் தோட்டக்காரன் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வான். கடன் தீராது, கைதான் மாறும். போகும்போது கழுத்தில் தகரத் துண்டு, போன பிறகு தலைக்கு மேல் காகிதத் துண்டு. 1921இல்தான் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

அரிசியையும் பாருங்கள். மலைநாட்டில் தோட்டத் தொழிலாளி தின்ற அரிசி பெரும்பாலும் கடல் தாண்டி வந்த அரிசி. தோட்டமே அதைக் கொடுக்கும், விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். அரிசியின் கப்பல் கூலியும், துறைமுகத்திலிருந்து மலைக்கு ஏறிய வண்டிக்கூலியும் சேர்ந்த விலை அது. தன்னைக் கொண்டுவந்த கூலியும் அவள் தலையில், தன் சோற்றைக் கொண்டுவந்த கூலியும் அவள் தலையில். தேயிலை லண்டனுக்குப் போன கூலியை மட்டும் யாரும் அவள் கணக்கில் எழுதவில்லை. எழுதாமலேயே அதையும் அவளிடமிருந்துதான் எடுத்தார்கள்.

இப்படிப் போனவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். கங்காணிகளில் பலர் அவர்களைவிட மேலே இருந்த சாதிகளைச் சேர்ந்தவர்கள். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று சாஸ்திரம் சொல்லும். லயத்தில் யாருக்கு எந்த வரிசை என்பதைப் பார்த்தால், சாதியும் டிக்கெட் எடுத்துக்கொண்டு கூடவே கப்பல் ஏறியது தெரியும். அதற்கு மட்டும் யாரும் கப்பல் கூலி கேட்கவில்லை.

எங்கள் குடும்பத்திலும் ஒருத்தி போனாள். தாத்தாவின் அத்தை. மண்டபம் முகாம் வழியாகப் போனாள். 1939 ஆகஸ்ட் 1 முதல் இந்திய அரசு சிலோனுக்குக் கூலியாட்கள் போவதைத் தடை செய்தது. அதற்கு முந்தியே அவள் போய்விட்டாள். திரும்பி வரவில்லை. தாத்தா அவளைச் ‘சிலோன் அத்தை’ என்றுதான் சொல்வார். பெயர் என்ன தாத்தா என்றால் யோசிப்பார். “எங்கய்யாவுக்குத் தெரியும்” என்பார். டச்சுக்காரன் பெயர் எழுதாமல் விட்டான் என்று மேலே எழுதினேன். எங்கள் வீட்டிலேயே ஒரு பெயர் போய்விட்டது. அடுத்தவன் ஏட்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

சுதேசிக் கப்பலின் அடித்தட்டு

தூத்துக்குடியில் கப்பல் என்றால் வ.உ.சி. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். 1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடி - கொழும்புப் பாதையில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் ஏகபோகம் உடைந்தது. உடனே கட்டணச் சண்டை மூண்டது. வெள்ளைக்காரன் ஒரு ரூபாய்க்கு இறங்கினான், சுதேசி எட்டணாவுக்கு இறங்கியது, கடைசியில் வெள்ளைக்காரன் சும்மாவே ஏற்றிக்கொண்டு ஆளுக்கு ஒரு குடையும் கொடுத்தான் என்பது நாம் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிற கதை.

கப்பல் கூலி என்பது கடலின் தூரத்தால் மட்டும் உண்டாவது இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். கடல் அதே கடல், மைல் அதே மைல். போட்டி வந்தவுடன் கூலி எட்டணா ஆனது, பிறகு ஒன்றுமில்லாமல் போனது. சுதேசி கம்பெனியை நசுக்கிய பிறகு அந்தக் கருணை எங்கே போனது? தீவுகள் தூரத்தில் இருப்பதால் கூலி அதிகம் என்று யாராவது சொன்னால், கப்பல் எத்தனை பேர் கையில் இருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

வ.உ.சி. 1908இல் கோரல் மில் தொழிலாளர் போராட்டத்துக்குத் தலைமை தாங்கினார். பிப்ரவரி 27ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. தொழிலாளர்கள் வென்றார்கள். மார்ச் 12இல் அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். கப்பல் முதலாளியாக இருந்துகொண்டே மில் கூலிக்காரனுக்காக நின்றவர் என்பதால் அவர்மேல் நமக்கு மரியாதை கூடுகிறது. ஆனால் அவரைப் பற்றி எழுதியவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. பங்கு வாங்கியவர்களின் பெயர் இருக்கிறது. பணம் கொடுத்தவர்களின் பெயர் இருக்கிறது. கரையிலிருந்து பல மைல் தள்ளி நின்ற காலியாவுக்குத் தோணியில் சரக்குக் கொண்டுபோய் ஏற்றியவர்கள் யார்? அந்த எட்டணா டிக்கெட்டில் அடித்தட்டில் உட்கார்ந்து போனவர்கள் யார்? சுதேசியம் அவர்கள் தோளிலும் ஏறித்தான் போனது. அவர்களைப் பற்றி ஒரு பக்கம்கூட இல்லை.

முத்துக்குளிப்பையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். கொற்கை முத்து, பாண்டியன் முத்து என்று இலக்கியம் பாடுகிறது. எம்.ஏ. வகுப்பில் நானும் படித்தேன். வெள்ளைக்காரன் காலத்தில் பார் குளிப்பு அரசாங்கத்தின் ஏகபோகம். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து இறங்கியவனும், மேலே கயிறு பிடித்தவனும், படகு வைத்திருந்தவனும் அந்த ஒரு பங்குக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும். கடலில் உயிரைப் பணயம் வைத்த பரதவருக்கே இந்தக் கணக்கு என்றால், அழுகிய சிப்பியைக் கழுவுகிற நாற்றத்தில் நின்ற கூலியாட்களுக்கு என்ன மிஞ்சியிருக்கும்? 1955 தொடங்கி 1961 வரை அரசு நடத்திய குளிப்போடு தூத்துக்குடி முத்து முடிந்தது. ‘முத்துநகர்’ என்ற பெயர் மட்டும் ரயிலுக்கு இருக்கிறது.

திரும்பி வந்த கூலி

1948இல் இலங்கை குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. ஏழு லட்சம் மலையக மக்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்றார்கள். 1974இல் அந்த மீதியை ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்தார்கள். சந்தையில் மாடு பிடிக்கிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இவர்கள் அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்கு வந்தார்கள். பாட்டனும் பூட்டனும் போன அதே வழி. கொஞ்சம் பேருக்கு நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. பலருக்கு எதுவும் சரியாகக் கிடைக்கவில்லை. அங்கே ‘இந்தியாக்காரன்’ என்று சொன்னார்கள், இங்கே ‘சிலோன்காரன்’ என்றார்கள். ஊருக்குள் போனபோது மட்டும் ஒரு விஷயத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. என்ன சாதி என்று கேட்டு, சேரிக்கு வழி காட்டினார்கள்.

ஒரு சொல்லைக் கவனித்திருக்கிறேன். நம் ஊரில் நாட்டாமை என்றால் தீர்ப்புச் சொல்கிற பெரிய மனிதர். கொழும்பில் நாட்டாமை என்றால் மூட்டை தூக்குகிறவர். ஒரே சொல் நூற்றைம்பது கடல் மைல் தாண்டியதும் திண்ணையிலிருந்து இறங்கித் தோளுக்கு வந்துவிட்டது. தாத்தாவிடம் இதைச் சொன்னேன். “அப்ப நானும் நாட்டாமைதானா?” என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எது தூரம்?

இப்போது கண்டெய்னர் காலம். மூட்டை சுமக்கிற வேலை குறைந்துவிட்டது. தோள் தப்பித்தது என்று சந்தோஷப்படலாம். ஆனால் தோளை விட்டால் வேறு எதுவும் கொடுக்கப்படாதவர்களுக்கு, தோளுக்கு வேலை இல்லாமல் போனால் என்ன மிஞ்சும்? கிரேன் ஓட்டுகிற வேலைக்குப் படிப்பு வேண்டும். சுமை தூக்கியவனின் பிள்ளைக்கு அந்தப் படிப்பு எத்தனை பேருக்குக் கிடைத்தது? தோணிகளும் குறைந்துவிட்டன. பழைய துறைமுகத்தில் நின்று பார்த்தால் தெரியும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெரிய தாய்க்கப்பல்களுக்கு ஏற்ற ஆழமும் வசதியும் இல்லாததால், தூத்துக்குடியிலிருந்து வெளிநாடு போகிற கண்டெய்னர்களில் பெரும்பகுதியைச் சின்னக் கப்பலில் கொழும்புக்குக் கொண்டுபோய் அங்கே மாற்றி ஏற்றுகிறார்கள். அதற்குத் தனிக்கூலி. நாம் மாலிக்காரனிடம் கேட்கிற இரண்டாவது கூலியைக் கொழும்பு நம்மிடம் கேட்கிறது. அப்படியானால் இப்போது தூரத்தில் இருக்கிற தீவு எது?

தூரம் என்பதைக் கடல் மைலில் மட்டும் அளக்க முடியாது என்பதற்கு நான் கொழும்பு வரை போக வேண்டியதில்லை. எங்கள் பாட்டி உப்பளத்தில் வேலை பார்த்தவள். தமிழ்நாடு உப்பில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி உப்பு. அந்த உப்பும் தீவுகளுக்குக் கப்பல் ஏறியிருக்கிறது. பாட்டி வேலைக்குப் போகும்போது குடிக்கத் தண்ணீரை இடுப்பில் சுமந்துகொண்டு போவாள். சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு வாய் கிடையாது. தீவில் இருப்பவர்களுக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்? ஊரில் குழாய் வந்த பிறகும் எங்கள் தெருவுக்குக் குழாய் வரப் பல வருஷம் ஆனது. அதுவரை காசு கொடுத்துக் குடம் குடமாக வாங்கினோம். ஊருக்கும் எங்கள் தெருவுக்கும் இடையில் இருந்த தூரம் முந்நூறு அடி. அந்த முந்நூறு அடிக்கு நாங்கள் கொடுத்த கூலியை எந்தக் கப்பல் கம்பெனியும் கேட்டிருக்காது.

மாலியின் கடைசித் தீவில் வெங்காயம் வாங்குகிறவளும் நம் சொந்தக்காரிதான் என்று நான் நினைக்கிறேன். அவளிடம் அதிக விலை வாங்குகிறார்கள். நம்மிடம் குறைந்த கூலிக்கு உழைப்பை வாங்குகிறார்கள். கூலியை ஏற்றினால் தீவுக்காரன் பட்டினி கிடப்பான் என்று நம்மிடம் சொல்வார்கள். கரையில் கூலி ஏறிவிட்டது, அதனால்தான் விலை ஏறியது என்று அவளிடம் சொல்வார்கள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டால் கணக்கு வெளியே வந்துவிடும். நடுவில் கடல் இருப்பது சிலருக்கு வசதியாக இருக்கிறது.

தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் துறைமுகத்தில் சுமந்தவர்கள், அளத்தில் நின்றவர்கள், சிலோனுக்குப் போய் வந்தவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் உயிரோடு இருப்பார்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். மூட்டைக்கு என்ன கூலி வாங்கினார்கள், மேஸ்திரி எவ்வளவு பிடித்தான், கேங்கில் யார் யார் இருந்தார்கள், எத்தனை பேருக்கு இடுப்பு ஒடிந்தது, யார் கடலில் விழுந்து போனார்கள் என்று கேட்டு எழுதுங்கள். டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு தகரத் துண்டு கிடக்கலாம், பழைய கூலிப் புத்தகம் கிடக்கலாம். அதைக் குப்பையில் போட விடாதீர்கள்.

முதலில் பெயரை எழுதுங்கள். எண்ணை எழுத அவர்களிடம் ஆள் இருந்தார்கள். பெயரை எழுத நாம்தான் இருக்கிறோம். சிலோன் அத்தையின் பெயரைத் தாத்தாவிடம் இன்னும் ஒரு தடவை அழுத்திக் கேட்டிருந்தால் ஒருவேளை ஞாபகம் வந்திருக்கும். நான் கேட்கவில்லை. அவரும் போய்விட்டார்.